ஒரு டிகிரி குறைவான தெரு

வெயில் காலம் பிறந்தால் ஊரே நிழலைத் தேடும். டிகிரி கம்பளிக் கையுறையைத் தேடுவார். அவருக்கு வேலை குளிர்பதனக் கிடங்கில். பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. உறைந்த பட்டாணியும் உறைந்த மீனும் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவே, பஞ்சு வைத்த கோட்டும் காதை மூடும் குல்லாவுமாகப் பகல் முழுக்கப் பெட்டி தூக்கிக்கொண்டிருப்பார். வெளியே சாலையில் தார் இளகும் நேரத்தில் இவருடைய மூக்கு நுனி குளிரில் சிவந்திருக்கும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வேறு பொழுதுபோக்கே கிடைக்காதது போல, வெயிலை அளப்பதில் பித்து. காலை எட்டு மணிக்கு மொட்டைமாடியில் நின்று, முந்தின நாள் பகல் எவ்வளவு சுட்டது, ராத்திரி எவ்வளவு ஆறியது என்று பார்த்து நோட்டில் எழுதிவிட்டுத்தான் கிடங்குக்குக் கிளம்புவார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவருக்கு டிகிரி என்ற பெயர் வந்தது அப்படித்தான். கிடங்கில் வைத்த பெயர் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து படியேறி வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. மனைவி மட்டும் அதைச் சொல்ல மாட்டார். அவருக்கு "என்னங்க" போதும். அதிலேயே எத்தனை டிகிரி என்பது தெரிந்துவிடும்.

மொட்டைமாடியில் நான்கு கால்களில் நிற்கும் வெள்ளைப் பெட்டி அவருடைய கைவேலை. யாரோ கழற்றிப் போட்ட, பலகைகள் சாய்வாக அடுக்கிய பழைய ஜன்னல்களை அறுத்து, காற்று நுழையும்படியும் வெயில் நுழையாதபடியும் நாலு பக்கமும் அடைத்து, கதவு வைத்து, வருஷா வருஷம் வெயில் தொடங்கும் முன் வெள்ளைப் பெயிண்ட் அடிப்பார். வெப்பமானி தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. மூன்று முறை அளந்து, ஒரு நூல் பிசகாமல் நாலடியில் வைத்தார். புத்தகம் எழுதியவர், அதைப் படிக்கப்போகிறவர் ஆறடி ஒரு அங்குலம் இருப்பார் என்று நினைத்திருக்க மாட்டார். அது போதாதென்று, இருபத்திரண்டு வருஷக் குளிரில் டிகிரியின் முதுகும் ஒரு மாதிரி உறைந்துவிட்டது. கீழே விழுந்த சாவியை எடுக்க, ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிப்பது போல, காலை அகட்டித்தான் இறங்குவார். பெட்டிக்கு முன்னால் அந்தக் கூத்தெல்லாம் இல்லை. கதவைத் திறப்பார், நின்றபடியே மேலிருந்து பார்ப்பார், எழுதுவார். அரை நிமிஷ வேலை.

பெட்டிக்குள் இருந்தது வளைந்த கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் பாதரசம், அதன் மேல் இரண்டு பக்கமும் குண்டூசி நீளத்தில் ஒரு இரும்புத் துணுக்கு. வலது பக்கத்து ஊசியைப் பகலின் உச்ச வெயில் தள்ளிவிட்டுப் போகும். இடது பக்கத்து ஊசியை விடிகாலைக் குளிர் தள்ளிவிட்டுப் போகும். இரண்டையும் படித்துவிட்டு, காந்தத்தால் இழுத்து மறுபடி பாதரசத்தின் மேல் உட்காரவைத்தால் அடுத்த நாளுக்குத் தயார்.

அப்படி எழுதிய நோட்டுகள் ஏழு சேர்ந்திருந்தன. இன்னும் மூன்று வாரத்தில் பத்து வருஷம் நிறையும். ஒரு நாள் விடவில்லை. மைத்துனன் கல்யாணத்தன்று விடிகாலையில் கிளம்ப வேண்டிய குடும்பத்தையே எட்டு மணிவரை வாசலில் நிறுத்திவைத்தவர் அவர். மைத்துனன் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவான்.

நோட்டிலிருந்து ஒரு கண்டுபிடிப்பும் பிறந்திருந்தது. செய்தித்தாளில் வரும் ஊர் வெப்பத்தைவிட அவருடைய தெருவின் பகல் எப்போதும் ஒரு டிகிரி குறைவு. ராத்திரி எப்போதும் ஒரு டிகிரி கூடுதல். டிகிரி யோசித்தார். தெருவின் இரண்டு பக்கமும் பெரிய மரங்கள். "பகல்ல சூட்டை உள்ள விடாது, ராத்திரி உள்ள இருக்கறதை வெளிய விடாது. போர்வை மாதிரி" என்று முடிவு கட்டினார். கேட்டவர்கள் எல்லோருக்கும் இந்தப் போர்வை பிடித்துப்போயிற்று. எதிர்வீட்டு மாஸ்டர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், கிளை வெட்ட வந்த ஆட்களை இந்த ஒரு டிகிரியைச் சொல்லியே இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். வீடு பார்க்க வருகிறவர்களிடம் தெருக்காரர்கள் தண்ணீர் வசதிக்கு முன்னால் இதைத்தான் சொல்வார்கள். வெயிலில் தெருவே வியர்த்து வழிந்துகொண்டிருந்தாலும், மற்ற தெருக்களைவிட ஒரு டிகிரி குறைவாகவே வியர்ப்பதாக எல்லோருக்கும் ஒரு திருப்தி.

இந்தச் சேதி எப்படியோ கல்லூரியில் புவியியல் சொல்லித்தரும் ஆசிரியை ஒருவர் காதுக்குப் போயிற்று. போன் செய்தார். ஊரின் வெயிலைப் பற்றி ஆராய்ச்சி செய்வதாகவும், பத்து வருஷ நோட்டு கிடைத்தால் பெரிய உதவி என்றும் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு சார். நடுவுல எங்கயாவது பார்க்காம, சும்மா ஊகிச்சு எழுதின நாள் இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. ஒரு நாள் அப்படி இருந்தாலும் மத்ததையும் நம்ப முடியாமப் போயிடும்."

"அந்தப் பேச்சே கிடையாது மேடம்" என்றார் டிகிரி. அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை ஆசிரியை நேரில் வருவதாகப் பேச்சு.

இடையில் வயிறு குறுக்கே வந்தது. மீன் பெட்டி தூக்கியதில் குடலிறக்கம். உடனே அறுவை செய்ய வேண்டும், ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் டிகிரி கேட்ட முதல் கேள்வி, "காலையில எட்டு மணிக்கு மட்டும் ஒரு அரை மணி வீட்டுக்குப் போயிட்டு வரலாமா?" என்பது. டாக்டர் மனைவியைத்தான் பார்த்தார்.

ஆக, வெப்பமானி மனைவியிடம் போனது. அவர் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து, தொளதொளத்த துணிகளைப் பிடித்தும் இறுகிப்போனவற்றைப் பிரித்தும் கொடுப்பவர். ஐந்தடிக்கு ஒரு பிடி குறைவு. முட்டி வலி. இவர்கள் இருப்பது இரண்டாவது மாடி. அங்கிருந்து மொட்டைமாடிக்கு நாற்பத்தெட்டு படி. சனிக்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன், டிகிரி பாடம் நடத்தினார்.

"எட்டு மணின்னா எட்டு மணி. எட்டஞ்சு இல்ல."

"எட்டஞ்சுக்குப் போனா வெயில் கோவிச்சுக்குமா?"

"கோவிச்சுக்காது. ஏறிடும். அப்புறம், வலது பக்கம் பகல், இடது பக்கம் ராத்திரி. ஊசியோட அடி முனையைப் பார்க்கணும். நுனியை இல்ல. ஊசி ரொம்பச் சின்னது, கவனமா..."

"இருபத்தஞ்சு வருஷமா நான் எதைப் பார்த்துக்கிட்டிருக்கேன்னு நினைச்சீங்க? எனக்கா ஊசியைப் பத்திச் சொல்றீங்க?"

டிகிரி ஆஸ்பத்திரியில் ஐந்து நாளும் கேட்டுப் பார்த்தார். "அதெல்லாம் நோட்டுல ஏறிடும். இப்ப மாத்திரையை முழுங்குங்க" என்பதற்கு மேல் ஒரு எண் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மாஸ்டரும் மைத்துனனும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுவந்து இரண்டாவது மாடியில் இறக்கினார்கள். பதினைந்து நாளைக்குப் படி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, குனியவே கூடாது. "கடைசியா சொன்னதுக்கு டாக்டர் தேவையே இல்ல அக்கா, மாமா எப்பக் குனிஞ்சாரு?" என்று மைத்துனன் சொன்னதற்கு டிகிரி சிரிக்கவில்லை. தையல் அறுந்துவிடும் என்ற பயம் பாதி; நோட்டைத் திறந்துவிட்டது மீதி.

ஐந்து நாளும் எழுதியிருந்தது. எழுதியிருந்த அழகுதான் இடித்தது. ஐந்து வரியும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே மூச்சில் போட்ட தையல் போல ஒன்றின் கீழ் ஒன்று. தினம் ஒரு அவசரத்தில் எழுதுகிற கை இப்படி வராது. அவருடைய பக்கங்களில் ஒரு நாள் மை தீர்ந்திருக்கும், ஒரு நாள் வியர்வை விழுந்திருக்கும்.

எண்களைப் பார்த்தார். முப்பத்தொன்பதரை. நாற்பது. நாற்பதரை. நாற்பது. முப்பத்தொன்பது. கட்டிலுக்கு அடியில் கிடந்த அந்த வாரத்துச் செய்தித்தாள்களை மனைவி அடுக்களையில் இருக்கும்போது காலாலேயே இழுத்து எடுத்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நோட்டும் பேப்பரும் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. பகலும் அதேதான், ராத்திரியும் அதேதான். பத்து வருஷமாகத் தெருவில் இருந்த ஒரு டிகிரி, அவர் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று தானும் கிளம்பிப் போய், இன்னும் வீடு திரும்பவில்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது. அல்லது புரிந்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் படுத்திருக்கிறவனுக்குத் தெரியாது. முட்டி வலியோடு நாற்பத்தெட்டு படி எங்கே ஏறுவது? காலையில் பேப்பர் வாசலுக்கு வருகிறது. அதைப் பார்த்து, ஐந்து நாள் கணக்கையும் ஒரே உட்காரலில் எழுதியாயிற்று.

உடம்பு விசாரிக்க வந்த மாஸ்டரிடம் மெல்லப் போட்டுப் பார்த்தார்.

"நான் இல்லாதப்போ காலையில எட்டு மணிக்கு எங்க வீட்டுல மாடிக்குப் போனாங்களா? எதிர்ல இருந்து தெரியுமே."

"மாடிக்கா? நான் ஒரு நாளும் பார்க்கலையே சார்."

மாஸ்டர் ஆறு மணிக்கே காரை எடுத்துக்கொண்டு போய், பத்து மணிவரை ஊர் முழுக்கப் பயந்த ஆட்களோடு சுற்றுகிறவர். எட்டு மணிக்கு எதிர்வீட்டில் யானை ஏறியிருந்தாலும் அவருக்குத் தெரிய வழியில்லை. இது தெருவுக்கே தெரியும், டிகிரிக்கும் தெரியும். ஆனால் சந்தேகம் வந்த மனிதர் தனக்கு வேண்டிய சாட்சியிடம் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மனைவி கதவைத் திறந்தார். "மேல போயிட்டு வந்துடறேன்." கக்கத்தில் அன்றைய செய்தித்தாள்.

டிகிரி கண்ணை மூடிக்கொண்டார். ஒளிவு மறைவாகவாவது செய்யக் கூடாதா?

எட்டேகாலுக்கு மனைவி மூச்சு வாங்க வந்து, "நாப்பது. இருபத்தேழரை" என்றார். டிகிரி எழுதிக்கொண்டார். நாளைக் காலை பதினோரு மணிக்கு ஆசிரியை வந்துவிடுவார். ஊகித்து எழுதிய நாள் உண்டா என்று கேட்பார். உண்டு என்றால் பத்து வருஷமும் போச்சு. இல்லை என்றால் பொய். மனைவியிடம் நேராகக் கேட்டுவிடலாம்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டால் நோட்டு போச்சு. இல்லை என்று சொல்லி, அதை இவரால் நம்ப முடியாமல் போனால், இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் ஏதோ ஒன்று போச்சு. அதனால் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதை முகத்தில் நன்றாகத் தெரியும்படி வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் நாலு மணிக்கு, பிடித்துத் தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லி மனைவி வெளியே போனார். டிகிரி எழுந்தார். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பெண் போல ஒவ்வொரு படியாக ஏறினார். என்ன தெரிந்துகொள்ள ஏறுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. பெட்டி மேல் தூசி படிந்து, கதவில் சிலந்தி வலை இருந்தால், எல்லாம் முடிந்தது. அவ்வளவுதான் திட்டம்.

மாடி கொதித்தது. பெட்டிக்கு முன்னால், இந்தப் பத்து வருஷத்தில் அங்கே இருந்திராத ஒரு பொருள்: தையல் மிஷின் ஸ்டூல். அதன் மேல் அன்றைய செய்தித்தாளின் ஒரு தாள், காற்றில் பறக்காமலிருக்க ஒரு கல். கல்லுக்குப் பக்கத்தில் புறாக்கள் விட்டுப்போன அடையாளங்கள். பேப்பர் எதற்கு வந்தது என்பது தெரிந்துவிட்டது. உட்கார.

கதவைத் திறந்தார். சிலந்தி வலை இல்லை. கதவின் உட்பக்கத்து வெள்ளைப் பெயிண்டில், துணி வெட்டக் கோடு போடும் நீலச் சாக்குக்கட்டியால், ஆறு வரி. ஒவ்வொன்றிலும் கிழமை, இரண்டு எண், அதோடு மணி. ஞாயிறு 8.00. திங்கள் 8.00. செவ்வாய் 8.04, பக்கத்தில் சின்னதாக, "முட்டி." புதன் 7.58, "சீக்கிரம் வந்துட்டேன், ரெண்டு நிமிஷம் இருந்து மறுபடி பார்த்தேன், அதேதான்."

ஏமாற்றுகிறவர்கள் நாலு நிமிஷத் தாமதத்தை எழுதிவைக்க மாட்டார்கள். டிகிரி தாளோடு கல்லைத் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகுதான் வெப்பமானி முகத்துக்கு நேரே இருப்பதைப் பார்த்தார். பத்து வருஷத்தில் அதை நேருக்கு நேர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வலது பக்க ஊசி நாற்பதில் நின்றது. கதவைத் திறந்தபோது, நின்றபடி பார்த்தபோது, முப்பத்தொன்பது இருந்ததே? எழுந்தார். முப்பத்தொன்பது. உட்கார்ந்தார். நாற்பது. இடது பக்கத்தைப் பார்த்தார். உட்கார்ந்தால் முப்பது, எழுந்தால் முப்பத்தொன்று.

பலகையில் எண்கள், பலகைக்கு விரற்கடை முன்னால் தள்ளிக் குழாய். மேலிருந்து சரிவாகப் பார்த்தால் ஊசி தனக்குக் கீழே உள்ள கோட்டில் நிற்பது போலத் தெரியும், சுவர்க் கடிகாரத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் முள் தள்ளித் தெரிவதைப் போல. வலது பக்கம் எண்கள் கீழிருந்து மேலே ஏறும். அதனால் பகல் ஒரு டிகிரி குறைந்தது. இடது பக்கம் எண்கள் தலைகீழ். அதனால் ராத்திரி ஒரு டிகிரி கூடியது. மரங்களுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போர்வையும் இல்லை ஒன்றும் இல்லை. உறைந்த முதுகு சொன்ன பொய்யை, முட்டி வலி பிடித்துக் கொடுத்துவிட்டது.

இந்த இடத்தில் டிகிரி தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். மூவாயிரத்து அறுநூறு நாளும் தப்பு. ஆனால் அவருக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றுத் தையல் இழுத்தது, பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுபடி எழுந்தார், உட்கார்ந்தார். டாக்டர் பார்த்திருந்தால் இன்னொரு தடவை அறுத்திருப்பார்.

"யாரைக் கேட்டு மேல வந்தீங்க?"

மாடி வாசலில் மனைவி. காலியான கட்டிலைப் பார்த்துவிட்டு, வந்த வேகத்திலேயே நாற்பத்தெட்டு படியும் ஏறியிருந்தார்.

டிகிரி மறைக்கவில்லை. "நீ பேப்பரைப் பார்த்து எழுதிட்டேன்னு நினைச்சுட்டேன்."

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அதான் நேத்துலருந்து மூஞ்சியை அப்படி வச்சிருந்தீங்களா? நான் மாத்திரைதான் ஒத்துக்கலையோன்னு நினைச்சேன்."

"ஒரே மையில, ஒரே மாதிரி இருந்துச்சா..."

"உங்க நோட்டுல அடிச்சுத் திருத்தினா வீட்டுல இருக்க முடியுமா? அதான் இங்க எழுதி வச்சு, வியாழக்கிழமை காலையில மொத்தமா நிதானமாப் பார்த்து எழுதினேன். கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா என்ன சொல்லுவியோன்னு பயம்."

"போய் நாப்பத்தெட்டு படி ஏறிப் பாருங்கன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் ஏறிப் பார்த்தேன்."

மனைவிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, விடவில்லை. டிகிரி ஸ்டூலைக் காட்டி, குழாயைக் காட்டி, நின்றும் உட்கார்ந்தும் விளக்கினார். "பத்து வருஷமா நான் எழுதினது அத்தனையும் தப்பு. நீ எழுதின ஆறு நாள்தான் சரி."

"இதைச் சொல்லவா இவ்வளவு சந்தோஷம்?" மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மயக்க மருந்து இன்னும் இறங்கல போல. வாங்க கீழ. நான் முன்னாடி போறேன், என் தோளைப் பிடிச்சுக்கங்க. மெதுவா. எனக்கும் முட்டி இருக்கு."

மறுநாள் பதினோரு மணிக்கு ஆசிரியை வந்தார். நோட்டைத் திறக்கும் முன்பே டிகிரி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். பேப்பரைப் பார்த்து எழுதியதாக மனைவியைச் சந்தேகப்பட்டதையும் சொன்னார். அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆசிரியை மாடிக்குப் போனார். நின்று பார்த்தார், ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார், கதவின் உட்பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார். இறங்கி வரும்போது அவர் முகத்தில் டிகிரி பயந்த எதுவும் இல்லை.

"சார், ஒரே ஆள், ஒரே உயரம், ஒரே இடம், ஒரே நேரம். பத்து வருஷம் ஒரே தப்பு. இவ்வளவு ஒழுங்கான தப்பு எங்களுக்குக் கிடைக்கிறதே இல்ல."

"அப்ப பரவாயில்லையா?"

"நாளுக்கு ஒரு மாதிரி தப்பு பண்ணியிருந்தீங்கன்னாதான் தூக்கிப் போடணும். இங்க ஒண்ணு கூட்டி, அங்க ஒண்ணு கழிச்சாப் போச்சு. ஆனா சரியா எவ்வளவுன்னு தெரியணும். ஒரு மாசம் ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க. நீங்க வழக்கம் போல நில்லுங்க, மேடம் உட்காரட்டும். பெட்டியை மட்டும் நகர்த்திடாதீங்க." பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். "உங்க ஆறு நாளுக்குத் திருத்தமே வேண்டாம் மேடம். எட்டு நாலுன்னு எழுதியிருந்தீங்களே, எங்க பசங்க பத்து வருஷம் படிச்சாலும் அதை எழுத மாட்டாங்க."

மனைவி, "அன்னிக்கு முட்டி ரொம்ப..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் டீ போடப் போனார். டிகிரி நாற்காலியில் சாய்ந்தார். இரண்டு நாளாக அவர் இழுத்துப் பிடித்திருந்த மூச்சு வெளியே வந்த சத்தம் அடுக்களைவரை கேட்டது.

மாஸ்டருக்குத்தான் சேதி இறங்கவில்லை. "அப்ப நம்ம தெரு?"

"எல்லாத் தெரு மாதிரிதான்."

"ஒரு டிகிரிகூட இல்லையா? அரை?"

"கால்கூட இல்ல."

மாஸ்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அவருக்கு உண்மையில் சுட்டிருக்க வேண்டும். "சரி சார். கிளை வெட்ட வர்றவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்.

பத்து வருஷம் நிறைந்த காலையில், டாக்டர் விதித்த பதினைந்து நாளும் முடிந்து, இரண்டு பேரும் மெதுவாக மாடி ஏறினார்கள். டிகிரி நோட்டில் ஏற்கெனவே நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, இருவருக்கும் தலைப்பும் எழுதி வைத்திருந்தார். மனைவி ஸ்டூலில் தாளை விரித்து உட்கார்ந்தார். எட்டு மணிக்குக் கதவு திறந்தது.

"முப்பத்தெட்டு" என்றார் டிகிரி, நின்றபடி.

"முப்பத்தொம்போது" என்றார் மனைவி.

டிகிரி இரண்டையும் எழுதினார். இருபத்தாறு வருஷத்தில் ஒரே விஷயத்துக்கு இருவரும் வேறு வேறு சொல்லி, மறுபேச்சு இல்லாமல் இரண்டும் ஏட்டில் ஏறியது அன்றுதான். மனைவி எட்டி நோட்டைப் பார்த்தார்.

"என்னோடதை ஏன் ரெண்டாவதா போட்டிருக்கீங்க?"

டிகிரி தலைப்பை அடித்தார். பத்து வருஷத்தில் அந்த நோட்டுகளில் விழுந்த முதல் அடித்தல் அது. இடம் மாற்றி எழுதிவிட்டு, காந்தத்தை மனைவியிடம் நீட்டினார்.